கடற்கரை வேலியும் காஞ்சிக் கரையும்

காஞ்சிபுரத்துத் தறியில், சேலையின் கரையோரம் பல் பல்லாய் எழுந்து நிற்கும் ‘தாழம்பூ ரேக்கு’ நம் நெசவாளர் அங்கத்தினர்க்குக் கைவந்த வேலை. அவ்வேலைக்குப் பெயர் தந்த செடியை அவர்களுள் எத்தனை பேர் அருகிற் சென்று பார்த்திருப்பர் என்பது ஐயமே. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை தணிக்கைக்குச் செல்லுங்கால் மணல்மேடுகளில் அதைத் தேடிப் பார்ப்பது நம் வழக்கம். முன்பு தாழை வேலி நின்ற இடங்கள் சிலவற்றில் இன்று சிமெண்டுச் சுவர் நிற்கிறது.

மேனாட்டார் டிசம்பர் மாதத்தில் வாயிலை அலங்கரிக்கும் ‘ஹோலி’ என்னும் முள்ளிலை மரத்திற்கும் நம் தாழைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் ஆண், பெண் தனித்தனி. ஹோலியில் செம்பழம் வேண்டிப் பெண் மரத்தை நாடுவர். தாழையிலோ மணமுள்ள வெண்மடல் ஆண் செடிக்கே உரியது. பெண் செடி அன்னாசியை ஒத்த காயைத் தரும், அதைக் கேட்பாரில்லை.

இதையறியாத அங்கத்தினர் ஒருவர் தம் தென்னந்தோப்பின் கிழக்கெல்லை முழுதும் கிடைத்த கன்றுகளையெல்லாம் நட்டுப் பல ஆண்டு காத்திருந்தார். பூத்தபோது பெரும்பாலானவை பெண். “வேலியாவது மிஞ்சிற்றே, ஐயா” என்றார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஆதலின் விதையை நம்பற்க. பூத்த ஆண் செடியை அடையாளம் வைத்து, அதன் பக்கக் கன்றையோ கிளைத் துண்டையோ மழை தொடங்கியதும் நடுக. உவர்க்காற்றும் மணலும் அதற்குப் பகையல்ல. அதன் விழுதுகள் மணலை இறுகப் பற்றும். 2004 டிசம்பர் 26-ஆம் நாளைக் கண்ட கரையினர்க்கு, மணலைப் பிடித்து நிறுத்தும் செடியின் அருமையை நாம் விளக்க வேண்டுவதில்லை.

பூவை அதிகாலையில், மடல் விரியுமுன் அறுத்தல் நலம். சடைப் பின்னலுக்கும் பட்டுப்புடைவைப் பெட்டிக்கும் அது வேண்டப்படுகிறது. சிவபூசைக்கு ஆகாதென்பது புராணம். சந்தையில் அத்தடை இல்லை. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் ஆண் பூக்களைச் செப்புக் கலங்களில் இட்டு வடித்து அத்தர் எடுப்பதே ஒரு கிராமத் தொழிலாயிருக்கிறது. ஓலையும் வீணன்று: ஈரோரத்து முள்ளையும் நடுநரம்பின் முள்ளையும் சீவி, வேகவைத்து உலர்த்திக் கீறினால் பாய்க்கு ஆகும்.

பாம்பு அடையும் என்று அஞ்சிப் புதரைக் கொளுத்துவோர் உளர். பாம்பு மணத்திற்கு வருவதன்று. புதரின் நிழலுக்கும் எலிக்கும் வருவது. அடியிலுள்ள காய்ந்த ஓலைகளைக் கழித்து வெளிச்சம் விழச் செய்க. பூ அறுக்கச் செல்பவர் கையில் கழி ஒன்று இருக்கட்டும்.