யப்பானிய மொழியில் உடலுறுப்புத் தொடர்கள்

யப்பானிய மொழி பயில்வோன் உறுப்புக்களின் பெயர்களைச் சின்னாளில் மனனஞ் செய்துவிடலாம்; ஆயின், அவற்றின் வழக்கை அறிதற்கு அது போதாது. 'ஹரா' என்பது வயிறு. 'ஹரா கா தத்ஸு', அஃதாவது வயிறு எழுந்து நிற்கின்றது என்றால், சினம் மூண்டதென்பது பொருள். எண்ணமும் உணர்வும் உறையுமிடமாக வயிற்றைக் கருதிய மரபே இதற்குக் காரணமாகும். எனவே, தமிழர் மனந்திறந்து பேசுமிடத்து யப்பானியர் வயிற்றைப் பிளந்து ('ஹரா ஓ வத்தே') பேசுவர்.

சில தொடர்களுக்கு இடமே பொருளை வரையறுக்கும். 'மிமி கா இதாய்' என்பது 'செவி நோகின்றது' எனப் பொருள்படும். நோயாளி மருத்துவரிடங் கூறின் அது செவிநோய். தன் குறையைப் பிறர் எடுத்துரைக்கக் கேட்டவன் கூறின், அவ்வுரை தன்னைத் தைத்ததென ஒப்புக்கொள்வதாகும். 'குபி நி நரு' என்பதைச் சொற்படி கொள்வோன் 'கழுத்து ஆதல்' என மயங்குவான். அதன் பொருளோ வேலையினின்று நீக்கப்படுதல்.

தாய்மொழித் தொடரோடு ஒத்துத் தோன்றுவனவே பெரிதும் ஏமாற்றுவன. தமிழிற் கைகழுவுதல் பொறுப்பைத் துறத்தல். யப்பானிய மொழியிற் கால் கழுவுதல் ('அஷி ஓ அரௌ') தீநெறியைத் துறத்தல். முன்னது பழி, பின்னது திருந்துதல். ஆதலின், ஒப்புமை கண்டவிடத்தே மாணாக்கனுக்கு விழிப்பு மிகுதியும் வேண்டும்.