அலிகாட் தொடர்வரிசைகளும் அவற்றின் முடிவுப் பகா எண்களும்: கூட்டுக் கணிப்பின் வழிமுறையும் வரம்பும்

ஆய்வுச்சுருக்கம்

ஓர் எண்ணின் வகுத்திகளுள் அவ்வெண்ணை மட்டும் நீக்கி ஏனையவற்றைக் கூட்டி, கிடைத்த எண்ணுக்கும் அதே செயலைத் தொடர்ந்து செய்வதால் உருவாவது அலிகாட் தொடர்வரிசை. இவ்வரிசைகள் அனைத்தும் முடிவுறுமா என்னும் வினா இன்றும் விடையின்றி உள்ளது. இவற்றைப் பலர் கூடிக் கணிக்கும் முறையையும், அக்கணிப்பு எதனை நிறுவ வல்லது, எதனை நிறுவ இயலாதது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அலிகாட் தொடர்வரிசை, பகா எண், காரணிப்படுத்தல், கூட்டுக் கணிப்பு, இராமானுசன்

முன்னுரை

காவிரியின் கிழக்குக் கரையில் பள்ளிபாளையமும் மேற்குக் கரையில் ஈரோடும் எதிரெதிரே அமைந்துள்ளன. ஈரோட்டில் 1887 டிசம்பர் 22 அன்று கணித மேதை சீனிவாச இராமானுசன் பிறந்தார். அடுத்த ஆண்டில், 1888-இல், பெல்ஜிய நாட்டில் பணியாற்றிய கணிதவியலாளர் யூஜின் கத்தலான் மேற்குறித்த வினாவை எழுப்பினார். வகுத்திகளின் எண்ணிக்கையால் தமக்கு முந்திய எல்லா எண்களையும் விஞ்சும் ‘உயர் பகு எண்கள்’ குறித்து இராமானுசன் 1915-இல் விரிவான ஆய்வுரை வெளியிட்டார். 32 வகுத்திகளைக் கொண்ட 840 அத்தகைய எண்களுள் ஒன்று. அதே 840, கத்தலானின் வினாவை ஆராய்ந்தோருக்குப் பின்னாளில் ஒரு பெரும் சோதனையாக அமைந்தது.

தொடர்வரிசையின் இயல்பு

30-இன் வகுத்திகளுள் அவ்வெண் ஒழிந்தவை 1, 2, 3, 5, 6, 10, 15 ஆகும். இவற்றின் கூடுதல் 42. இவ்வாறே தொடர்ந்தால் பின்வரும் வரிசை கிடைக்கிறது:

30 → 42 → 54 → 66 → 78 → 90 → 144 → 259 → 45 → 33 → 15 → 9 → 4 → 3 → 1

ஒரு பகா எண்ணுக்குத் தன்னை ஒழிந்த வகுத்தி 1 மட்டுமே. எனவே வரிசை ஒரு பகா எண்ணை அடைந்தவுடன் 1-இல் முடிகிறது. அப்பகா எண்ணே அவ்வரிசையின் முடிவுப் பகா எண் எனப்படும். 30-க்கு அது 3. வேறு வகை முடிவுகளும் உண்டு. 95 → 25 → 6 என்னும் வரிசை, தன் வகுத்திக் கூடுதலுக்குத் தானே சமமான 6 என்னும் நிறைவெண்ணில் நின்றுவிடுகிறது. 562 என்னும் எண் 284-ஐ அடைந்து, பின் 220, 284 என்னும் நட்பு எண்களுக்கிடையே சுழல்கிறது. ஐந்து எண்களைக் கொண்ட ஒரு சுழற்சி 12496-இல் தொடங்குவதை 1918-இல் புலே கண்டறிந்தார். எல்லா வரிசைகளும் பகா எண்ணிலோ நிறைவெண்ணிலோ சுழற்சியிலோ முடியும் என்பதே கத்தலான்–டிக்சன் கருதுகோள்.

ஏற்றமும் இறக்கமும்

மேற்காட்டிய வரிசை 90 வரை ஏறுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஓர் எண் 6-ஆல் வகுபட்டு, ஈவு 1-ஐ விடப் பெரிதாகவும் 2, 3 ஆகியவற்றால் வகுபடாததாகவும் இருந்தால், அடுத்த உறுப்பும் 6-ஆல் வகுபடும். முந்தியதை விடப் பெரிதாகவும் இருக்கும். இத்தகைய காரணித் தொகுதிகளை ரிச்சர்ட் கை, ஜான் செல்ஃபிரிட்ஜ் ஆகியோர் 1975-இல் ‘இயக்கிகள்’ எனப் பெயரிட்டு ஆராய்ந்தனர்.

இறக்கத்திற்கும் காரணம் உண்டு. இரட்டை எண்ணின் அடுத்த உறுப்பு ஒற்றை எண்ணாக வேண்டுமாயின், அவ்விரட்டை எண் ஒரு வர்க்கமாகவோ ஒரு வர்க்கத்தின் இருமடங்காகவோ இருத்தல் வேண்டும். 144 ஒரு வர்க்கம். அதனால் 259 தோன்றியது. வகுத்திக் கூடுதல் தன்னை விஞ்சும் ஒற்றை எண்களுள் மிகச் சிறியது 945. அத்தகைய ஒற்றை எண்கள் அரியவை. ஆதலால் ஒற்றை எண்ணாக மாறிய வரிசை பெரும்பாலும் விரைந்து சரிந்து ஒரு பகா எண்ணில் முடிகிறது. ஆனால் உறுப்புகள் பெரிதாகப் பெரிதாக வர்க்க எண்கள் அருகிவிடுகின்றன. மாற்றம் நிகழும் வாய்ப்பும் குறைகிறது.

138 என்னும் எண்ணின் வரிசை 117-ஆம் படியில் 179931895322 வரை உயர்ந்து, 177-ஆம் படியில் 1-ஐ அடைவதை டி. எச். லேமர் காட்டினார். 840-இன் வரிசை 49 இலக்க எண் வரை ஏறி, 746-ஆம் படியில் 601 என்னும் பகா எண்ணை அடைந்தது. 1000-க்குட்பட்ட எண்களுள் 12 எண்களின் முடிவு இன்னும் அறியப்படவில்லை. அவை 276, 552, 564, 660, 966 ஆகிய ஐந்தின் வரிசைகளுக்குள் அடங்குகின்றன. 306 என்னும் எண்ணும் 276-உம் அடுத்த படியிலேயே 396-ஐ அடைகின்றன. ஆகவே அவ்விரண்டின் முடிவும் ஒன்றே. 276-இன் வரிசை 2000 படிகளைக் கடந்து, 200 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்களை எட்டியுள்ளது.

கூட்டுக் கணிப்பின் அமைப்பு

வகுத்திக் கூடுதலைக் காண எண்ணை முழுமையாகக் காரணிப்படுத்த வேண்டும். முந்திய உறுப்பின் காரணிகள் தெரியாமல் அடுத்த உறுப்பே தெரியாது. பள்ளிபாளையத்து விசைத்தறிக் கூடத்தில் பல தறிகள் ஒருங்கே ஓடலாம். ஆனால் ஒரு தறியில் முந்திய ஊடை இழை அடித்த பின்னரே அடுத்த இழை ஓடும். அலிகாட் கணிப்பின் நிலையும் அதுவே. எனவே உழைப்பை இரு வழிகளில் மட்டுமே பகிர இயலும்.

முதலாவது, வெவ்வேறு தொடக்க எண்களை வெவ்வேறு தன்னார்வலர்கள் ஏற்றுக்கொள்வது. ஒருவர் ஏற்ற எண்ணை மற்றவர் தொடாதவாறு பொதுப் பட்டியல் பேணப்படுகிறது. இரு வரிசைகள் இணைவதும் அப்பட்டியலால் புலனாகிறது. இரண்டாவது, ஒரே படியின் காரணிப்படுத்தலைப் பங்கிடுவது. ஹென்றிக் லென்ஸ்ட்ரா 1987-இல் வெளியிட்ட நீள்வட்ட வளைவு முறையில் ஒவ்வொரு வளைவும் தனித்தனி முயற்சி; அவற்றைப் பல கணினிகள் ஒரே நேரத்தில் மேற்கொள்ளலாம். சல்லடை முறைகளிலும் தேடல் எல்லையைக் கூறுபடுத்தி அளிக்கலாம். 129 இலக்க எண் ஒன்று 1994-இல் ஏறத்தாழ 600 தன்னார்வலரின் உழைப்பால் இவ்வாறு காரணிப்படுத்தப்பட்டது.

கண்டறிவது கடினமாயினும் சரிபார்ப்பது எளிது: காரணிகளைப் பெருக்கிப் பார்த்தால் போதும். முன்பின் அறியாதோர் அளித்த முடிவையும் நம்பி ஏற்க இவ்வியல்பே இடமளிக்கிறது. எனினும் ஒரு பிழை நேரக்கூடும். பகு எண் ஒன்றைப் பகா எண் எனத் தவறாகக் கொண்டால், அதன்பின் வரும் உறுப்புகள் அனைத்தும் பிழையாகிவிடும். ஆகவே பெரிய காரணிகளின் பகாத்தன்மையை ஐயமற நிறுவுதல் இன்றியமையாதது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் 2002-இல் இதற்கு எப்போதும் பிழையற்ற, பல்லுறுப்புக்கோவைக் கால அளவில் முடியும் வழிமுறை இருப்பதை நிறுவினர். நடைமுறையில் நீள்வட்ட வளைவுகளைக் கொண்ட சான்றுமுறை விரைவானது. காரணிப்படுத்தலுக்கோ வழக்கமான கணினிகளுக்குரிய அத்தகைய விரைவான வழிமுறை எதுவும் அறியப்படவில்லை. ஒரு வரிசை இடையில் நின்றுபோவது இதனாலேயே.

முடிவுப் பகா எண்களின் குடும்பங்கள்

ஒரே பகா எண்ணில் முடியும் எண்கள் ஒரு குடும்பமாகக் கொள்ளப்படுகின்றன. 2, 5 ஆகியவற்றின் குடும்பங்களில் அவை மட்டுமே உள்ளன. வேறெந்த எண்ணின் வகுத்திக் கூடுதலும் 2-ஆகவோ 5-ஆகவோ அமைவதில்லை. இரு வேறு பகா எண்களின் பெருக்கற்பலனுக்கு, அவ்விரண்டின் கூடுதலோடு 1 சேர்ந்ததே வகுத்திக் கூடுதல். ஆகவே ஒரு பகா எண்ணின் குடும்பத்தை வளர்க்கும் ஆய்வு கோல்ட்பாக் கருதுகோளைத் தொட்டு நிற்கிறது.

முடிவுரை

கூட்டுக் கணிப்பு ஒரு வரிசை முடிவதை நிறுவ வல்லது. முடியாது என்பதை எத்தனை படிகள் சென்றாலும் நிறுவ இயலாது. பெரும்பாலான இரட்டை எண் வரிசைகள் எல்லையின்றி வளரும் எனக் கையும் செல்ஃபிரிட்ஜும் கருதினர். இரட்டை எண்களுக்கு வகுத்திக் கூடுதலுக்கும் எண்ணுக்குமுள்ள விகிதத்தின் பெருக்கல் சராசரி 1-ஐ விடச் சற்றே குறைவு என 2012-இல் போஸ்மாவும் கேனும் நிறுவினர். இது கத்தலானின் பக்கம் சாயும் சான்றாயினும் முடிவான நிறுவல் அன்று. இந்நிலையில், 840-க்கு 601 கிடைத்தது போல, ஒரு வரிசைக்கு முடிவுப் பகா எண் காணப்படும் ஒவ்வொரு முறையும் மறுக்கவியலாத ஓர் உண்மை நிலைபெறுகிறது. காரணிகளைப் பதிவு செய்து வைத்தால், சாதாரணக் கணினியுடைய எந்தக் கல்லூரித் துறையும் அவ்வுண்மையைத் தானே சரிபார்த்துக்கொள்ள இயலும்.