குடியை விட நினைப்பவருக்குக் கூட்டம் எங்கே?

“சாமி முன்னால் சத்தியம் செய்தார். பத்து நாள்கூடத் தாங்கவில்லை. இவரை எங்கே அழைத்துப் போவது?” தோட்டப்புறத்துத் தாய்மார்கள் பலர் கேட்கும் கேள்வி இது. கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, பத்தாங்காலி வட்டாரங்களில் உள்ள குடும்பங்களை மனத்தில் வைத்து இதற்குப் பதில் சொல்கிறேன்.

இது நமக்குப் புதிய துயரமல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. கள்ளுக்குப் பிறகு சம்சு வந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மது 30-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. கடையை மூடுவது ஒரு பக்கம். குடிக்கு அடிமையாகிவிட்டவரை மீட்பது இன்னொரு பக்கம். அதற்கு வெறும் சத்தியம் போதாது. குடிநோயும் ஒரு நோய்தான்.

முதலில் கிளினிக்

நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. முதல் நாளிலேயே கை நடுக்கமும் வியர்வையும் காணலாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் சித்தம் கலங்கி, இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். இதில் உயிர் போவதும் உண்டு. “பேய் பிடித்துவிட்டது” என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தஞ்சோங் காராங்கிலும் கோலகுபு பாருவிலும் அரசாங்க மருத்துவமனைகள் உள்ளன. குடியை நிறுத்தும் முன்பே அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் ஆலோசனை கேட்பது இன்னும் நல்லது. மனம் உடைந்துபோனால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழைக்கலாம். வீட்டில் அடி உதை என்றால் 15999 எண்ணை அழையுங்கள்.

கூட்டத்தில் என்ன நடக்கும்?

உடல் தேறிய பிறகுதான் உண்மையான போராட்டம் தொடங்குகிறது. அங்கே கைகொடுப்பது ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, சுருக்கமாக ஏ.ஏ. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்குத் தரகர் பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் இதைத் தொடங்கினார்கள். இருவருமே குடியால் சீரழிந்தவர்கள். ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியிடம் மனம் திறந்து பேசினால் இருவருமே குடிக்காமல் இருக்க முடிகிறது என்பதைத் தங்கள் அனுபவத்தில் கண்டார்கள்.

கூட்டம் ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக நடக்கும். கட்டணம் கிடையாது. விரும்பியவர் செலவுக்குச் சில்லறை போடலாம். முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. பேச விருப்பம் இல்லாவிட்டால் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராகத் தகுதி. ‘திறந்த’ கூட்டத்திற்குக் குடும்பத்தாரும் போகலாம். ‘மூடிய’ கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டுமே. மனைவி மக்களுக்கென்று 1951-இல் தொடங்கிய ‘அல்-அனான்’ அமைப்பு தனியே உண்டு.

சில கூட்டங்கள் தேவாலய மண்டபங்களில் நடப்பதால், மதம் மாற்றிவிடுவார்களோ என்று நம்மவர்கள் தயங்குவதுண்டு. ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்ததல்ல. கடவுள் என்பதை அவரவர் புரிந்துகொண்டபடி வைத்துக்கொள்ளலாம்.

பலன் உண்டா? 2020-இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வறிக்கை 27 ஆய்வுகளை, 10,565 பேரின் அனுபவத்தை, அலசியது. தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில், ஏ.ஏ.-யில் சேர்ந்து பங்கெடுக்க முறையாக வழிகாட்டும் சிகிச்சை மற்றச் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்தது என்பது அதன் முடிவு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் நாட்டில் ஏ.ஏ. கூட்டங்களைப் பெரும்பாலும் கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா பக்கம்தான் தேட வேண்டும். கோலகுபு பாரு, ராசா, பத்தாங்காலி, செரண்டா பக்கம் இருப்பவர்கள் கொமுட்டர் ரயிலில் ரவாங் வந்து தலைநகருக்குப் போகலாம். கோலசிலாங்கூரிலிருந்து தூரம் அதிகம். ஆனால் அதிலும் ஒரு நன்மை இருக்கிறது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த தோட்டத்தில் “யார் பார்ப்பார்களோ” என்ற கூச்சமே பலரைத் தடுக்கிறது. வெளியூரில் அந்தக் கூச்சம் குறையும்.

புறப்படும் முன் தொலைபேசியில் மூன்று கேள்வி கேளுங்கள். கூட்டம் இந்த வாரம் நடக்கிறதா? எந்த மொழியில்? திறந்ததா, மூடியதா? ஆங்கிலம் வராதவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். தமிழ்நாட்டில் ஏ.ஏ. கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன. 2020 கொரோனா காலத்திலிருந்து கைப்பேசி வழிக் கூட்டங்களும் பெருகிவிட்டன. தமிழ்நாட்டில் இரவு 7 மணி என்றால் இங்கே 9.30. வேலை முடிந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு உட்காரச் சரியான நேரம்.

ஒரே கூட்டத்தில் மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். பலமுறை போய்ப் பாருங்கள். நடுவில் ஒருநாள் குடித்துவிட்டாலும் மறுபடி போகலாம். யாரும் விரட்டமாட்டார்கள். குடும்பத்தாரும் அன்றைக்கு ஏசாமல், அடுத்த கூட்டத்திற்கு அனுப்பி வையுங்கள்.

பக்கத்தில் கூட்டமே இல்லையா? குடியை விட விரும்பும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே அது ஒரு குழு என்கிறது ஏ.ஏ. மரபு. ஆலய மண்டபமோ தோட்டத்துப் பொது மண்டபமோ வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். ஆலயத் தலைவர்களே, அந்தச் சாவியைக் கேட்டு ஒருவர் வந்தால் தயங்காமல் கொடுங்கள்.