மேஜைக்குத் தகடு ஒட்டுவோர் கவனிக்க

மளிகைக் கடையில் எடை போடும் மேஜைக்குத் தகடு போடுவதால், எண்ணெய் சிந்தினாலும் துடைத்துவிடலாம். ஆனால் ஒட்டிய தகடு சில மாதங்களில் ஓரம் தூக்கிக்கொண்டால், வாடிக்கையாளரின் கையைக் கிழிக்கும். அடியில் சர்க்கரை புகுந்து எறும்பு சேரும். பெரும்பாலும் குற்றம் தகட்டில் இல்லை, பசையில்தான்.

மரவேலைக்கான வெள்ளைப் பசை நீர் வற்றித்தான் இறுகும். மரம் நீரை உறிஞ்சும், தகடு உறிஞ்சாது. ஆகவே அது தகட்டைப் பிடிப்பதில்லை. மேலும், மே மாத வெயிலில் தகடு நீள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதுகிறது. நெய்வேலியில் இரண்டுக்கும் குறைவில்லை. ஒரு மீட்டர் அலுமினியத் தகடு 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் 0.7 மில்லிமீட்டர் நீளும். இரும்பு அதில் பாதி. இந்த இழுபறிக்கு வளைந்து கொடுப்பது, டின்னில் வரும் மஞ்சள் நிற ரப்பர் பசையே.

தகட்டின் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னரால் துடைக்க வேண்டும். பலகை நன்கு உலர்ந்திருக்க வேண்டும். பசையை இரண்டிலும் மெல்லியதாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை, சுமார் 10 முதல் 15 நிமிடம், காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டினால் உப்பிக்கொள்ளும்.

தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும் பசை இது; பிறகு நகர்த்த முடியாது. எனவே இடையில் மெல்லிய குச்சிகளை வைத்து, தகட்டை நேர்ப்படுத்தி, ஒவ்வொன்றாக உருவவும். நடுவிலிருந்து ஓரம் நோக்கி மரக்கட்டையால் அழுத்தித் தட்டவும். சுவரோரம் 2 மில்லிமீட்டர் இடைவெளி விடவும். விளிம்பைக் கீழே மடித்து விடுவது கைக்கும் நல்லது, தகட்டுக்கும் நல்லது. ஒரு நாள் கழித்தே சாமான் வைக்கலாம். உப்பு புழங்கும் மேஜைக்கு அலுமினியம் வேண்டாம், அரித்துவிடும். எவர்சில்வர் தகடே ஏற்றது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இந்தப் பசையின் ஆவியும் தின்னரின் ஆவியும் எளிதில் தீப்பற்றும். சுவாமி படத்து விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு, பீடி எதுவும் அருகில் கூடாது. டீத்தூளும் மாவும் வாடையை இழுக்கும் என்பதால், விடுமுறை நாளில் மேஜையை வெளியே எடுத்து வேலை செய்வதே உத்தமம். ஒரு நாள் சிரமம். கடையும் சரக்கும் பத்திரம்.