கோதுமை மணியும் மார்ச்சு மாத வெயிலும்

மழை பொய்த்தால் விளைச்சல் குன்றும் என்பதை யாவரும் அறிவர். பாசன வசதி நிரம்பிய வயல்களையும் வானிலை வருத்தும் என்பதற்கு 2022ஆம் ஆண்டு சான்றாயிற்று.

1901 முதல் நம் நாட்டில் பதிவான மார்ச்சு மாதங்களுள், அதுவரை காணாத வெப்பம் அவ்வாண்டு மார்ச்சில் நிலவியது. பஞ்சாப், அரியானா மாநிலங்களில் கோதுமைக் கதிர் பால்பிடித்து மணி திரளும் காலம் அது. அப்பருவத்தில் வெப்பம் மிகுமாயின் பயிர் விரைந்து முதிர்கின்றது. மாவுப்பொருள் சேர்தற்குரிய நாட்கள் குறைவதால் மணிகள் சுருங்கி எடை இழக்கின்றன.

பிப்ரவரியில் 1,113 இலட்சம் டன் என மதிப்பிடப்பெற்ற விளைச்சல், இறுதியில் ஏறத்தாழ 1,077 இலட்சம் டன்னாயிற்று. இக்குறைவு சிறிதெனத் தோன்றலாம். ஆயினும், உக்ரைன் போரினால் உலகச் சந்தையில் விலையும் ஏறியிருந்தமையால், உழவர் பலர் தனியார் வணிகருக்கே விற்றனர். அரசின் கொள்முதல் முந்தைய ஆண்டின் 433 இலட்சம் டன்னிலிருந்து சுமார் 188 இலட்சம் டன்னாகச் சரிந்தது. மே 13ஆம் நாள் ஏற்றுமதி தடை செய்யப்பெற்றது. சில மாநிலங்களில் இலவசக் கோதுமைக்கு ஈடாக அரிசி வழங்கப்பெற்றது.

எனவே, காலத்தே விதைத்து, கடும் வெயில் தொடங்குமுன் மணி முற்றச் செய்தல் நலம். களப்பணியாளர் மழையளவோடு அன்றாட வெப்பநிலையையும் பயிரின் பருவத்தையும் ஒருங்கே குறித்து வருதல் வேண்டும். ஆசிரியர்கள் அக்குறிப்புகளைக் கொண்டே மாணவர்க்கு இவ்வுண்மையை விளக்கலாம்.