ரோட்டு ஊரா, மலையடி ஊரா?
கிருஷ்ணன்கோவில், கூமாப்பட்டி: குடியேற நினைப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வேரூன்றிய குடும்பங்களில் இப்போது அடிக்கடி எழும் பேச்சு இது. பென்ஷன் வாங்கிக்கொண்டு சென்னையை விட்டு வர நினைப்பவர், திருப்பூரில் சம்பாதித்ததை ஊரில் முடக்க நினைப்பவர், வளைகுடாவிலிருந்து திரும்பப் போகிறவர் என எல்லோருக்கும் ஒரே குழப்பம். ரோட்டு மேலே மனை வாங்குவதா, மலையடியில் தோப்போடு வீடு பார்ப்பதா?

இந்தக் குழப்பத்துக்கு இரண்டு ஊர்களை வைத்தே பதில் தேடலாம். மதுரை – ராஜபாளையம் சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சுமார் 12 கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது கிருஷ்ணன்கோவில். அங்கிருந்து மேற்கே வத்திராயிருப்புச் சாலையில் திரும்பி, அதையும் தாண்டிப் போனால் கூமாப்பட்டி. இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரப் பயணம்தான். ஆனால் அன்றாட வாழ்க்கை இரண்டு இடத்திலும் வேறு.

கல்லூரி வளர்த்த ஊர்

கிருஷ்ணன்கோவிலின் இன்றைய முகத்தை உருவாக்கியது கல்விதான். விடுதலைப் போராட்ட வீரர் கலசலிங்கம் 1984-இல் இங்கே தொடங்கிய பொறியியல் கல்லூரி, 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மற்ற கல்லூரிகளும் வந்தன. மாணவர்கள் பெருகப் பெருக மெஸ், விடுதி, ஜெராக்ஸ் கடை, மருந்துக்கடை என்று சாலையோரம் நிறைந்தது. மழையை நம்பாத ஒரு பொருளாதாரம் வறண்ட விருதுநகர் மாவட்டத்தில் உருவானது. இங்கே ஒரு மாடி கூடுதலாகக் கட்டியவருக்கு மாத வாடகை வரும். தையல் தெரிந்தவருக்கும் இட்லிக் கடை போட்டவருக்கும் பிழைப்பு உண்டு.

இன்னொரு பலம் சாலை. கொல்லத்தையும் திருமங்கலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744 இது. மதுரைக்கும் ராஜபாளையம், தென்காசிக்கும் பஸ் கிடைக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசு மருத்துவமனை, ரயில் நிலையம், மாவட்ட நீதிமன்றம் எல்லாம் இருக்கின்றன. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ராத்திரி நெஞ்சுவலி வந்தால் இந்தத் தூரக் கணக்கு உயிர்க் கணக்காகிவிடும்.

குறையும் இல்லாமல் இல்லை. லாரியும் பஸ்ஸும் பாயும் சாலையை ஒட்டிய வீட்டில் தூசும் இரைச்சலும் நாள் முழுக்க இருக்கும். கல்லூரி விடுமுறையில் கடைத்தெரு வியாபாரம் சுருங்கும். குடிநீருக்கு மலையடி ஊரின் செழிப்பை இங்கே எதிர்பார்க்க முடியாது. திருமங்கலம் – ராஜபாளையம் நான்கு வழிச்சாலையால் எந்த இடத்துக்கு மதிப்பு கூடும், எந்தக் கடைத்தெரு ஒதுங்கும் என்பதும் மாறும். மனை பார்ப்பவர்கள் அந்தச் சாலையின் வரைபடத்தை முதலில் பார்க்க வேண்டும்.

நாடறிந்த மலையடிவாரம்

கூமாப்பட்டியை 2025 ஜூனில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்துகொண்டது. ஊர் இளைஞர் ஒருவர் தண்ணீரையும் பச்சையையும் காட்டி எடுத்த ரீல்ஸ் பரவியதும் வெளியூரிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பக்கத்திலுள்ள பிளவக்கல் அணையில் குளிக்க அனுமதி இல்லை என்று நீர்வளத் துறை அறிவிக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பச்சை பொய்யில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் பிளவக்கல் அணைகள்தான் அதற்குக் காரணம். 47 அடி உயரப் பெரியாறு அணையும் 42 அடி உயரக் கோவிலாறு அணையும் சேர்ந்தது பிளவக்கல். இந்தப் பெரியாறு அணையை முல்லைப் பெரியாறோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கிருந்து இறங்கும் தண்ணீர் வத்திராயிருப்பு, கூமாப்பட்டி, கான்சாபுரம், சுந்தரபாண்டியம் பக்கத்துக் கண்மாய்களை நிரப்பும். விருதுநகர் மாவட்டம் என்றாலே கரிசலும் தீப்பெட்டியும் பட்டாசும் நினைவுக்கு வரும். நெல்லும் தென்னையும் மாவும் விளையும் இந்த மூலை அந்த மாவட்டத்தின் நஞ்சைச் சொத்து.

ஆனால் ரீல்ஸில் தெரியும் மாதம் கார்த்திகையா, சித்திரையா என்று பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை கைகொடுத்த ஆண்டில் தை மாதம் வரைக்கும் வயல் பசேல் என்றிருக்கும். மழை பொய்த்த ஆண்டில் அதே அணையில் மண் தெரியும். கிணற்றுக்குக் கிணறு மோட்டாரை இறக்கிக்கொண்டே போவார்கள். இந்த ஊரின் செழிப்பு ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வர வேண்டிய செழிப்பு.

மலையை ஒட்டி இருப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு, 2021-இல் மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. யானைகள் தோப்பில் இறங்கித் தென்னங்கன்றுகளைப் பிடுங்குவதும் காட்டுப்பன்றிகள் பயிரைக் கிளறுவதும் அடிவார விவசாயிகளின் நீண்ட நாள் துயரம். காடு அவற்றின் வீடு; அதன் வாசலில் தோப்பு வாங்குபவர் இதைத் தெரிந்தே வாங்க வேண்டும். ஓடைகளும் அப்படித்தான். 2015 மே மாதம் இந்த மலையிலுள்ள சதுரகிரி கோயிலுக்குப் போகும் வழியில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். மலையில் பெய்யும் மழை அடிவாரத்துக்குச் சொல்லிவிட்டு வராது. சதுரகிரிக்கு மலையேறத் தொடங்கும் தாணிப்பாறைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆடி அமாவாசை நாட்களின் வாகன நெரிசலும் பழக வேண்டும்.

கோடையில் பார், ராத்திரியில் பார்

இரண்டு ஊரையும் எடைபோட என்னிடம் இருக்கும் அளவுகோல் இரண்டு. ஒன்று, ஊரை அதன் மோசமான மாதத்தில் பார்க்க வேண்டும். சித்திரையில் போய் இறங்கி, குழாயில் எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது, பக்கத்துக் கிணறு எத்தனை அடி, போர் போட்டவர்களில் எத்தனை பேருக்குத் தண்ணீர் கிடைத்தது என்று டீக்கடையில் உட்கார்ந்து கேட்டால் புரோக்கர் சொல்லாததெல்லாம் தெரிந்துவிடும்.

இரண்டாவது, வீட்டில் இருப்பவர்களிலேயே குறைவாக நடமாட முடிந்தவரின் கண்ணால் பார்க்க வேண்டும். கார் வைத்திருக்கும் மகனுக்கு எந்த ஊரும் பக்கம்தான். வண்டி ஓட்டத் தெரியாத அம்மாவுக்கும் பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைக்கும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் ஊரின் எல்லை. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த பஸ் எந்தத் தெரு வரை வருகிறது, ஒரு நாளைக்கு எத்தனை நடை என்பதைப் பொறுத்து ஒரு பெண் வேலைக்குப் போவதும் வீட்டிலேயே இருப்பதும் தீர்மானமாகிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் மதுரையிலிருந்து வந்து இறங்கி வீடுவரை ஒரு தடவை போய்ப் பார்த்தால் போதும்.

பத்திர விஷயத்தில் அவசரமே கூடாது. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளைப் பதிவு செய்ய 2016-இல் உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது தமிழ்நாடு முழுக்க எத்தனையோ பேரின் சேமிப்பு முடங்கியது. வில்லங்கச் சான்றும் பட்டாவும் மட்டும் போதாது. நிலம் நஞ்சையா புஞ்சையா, வாய்க்காலோ ஓடையோ அதன் வழியாகப் போகிறதா, காட்டு எல்லை எவ்வளவு தூரம் என்பதையும் புல வரைபடத்தை வைத்து நேரில் சரிபார்க்க வேண்டும்.

என் முடிவு

படிக்கும் பிள்ளைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டுக்குக் கிருஷ்ணன்கோவில் பக்கம்தான் நல்லது. நெடுஞ்சாலையை ஒட்டாமல் இரண்டு தெரு உள்ளே வீடு பார்த்தால் இரைச்சலும் பாதியாகும். மலை எங்கும் போய்விடாது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் பார்த்துவிட்டு வரலாம்.

கூமாப்பட்டி யாருக்கு? மண்ணில் இறங்கி வேலை செய்யப் போகிறவருக்கு. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கண்மாய்ப் பாசனம் என்பது கூடி நடத்தும் குடும்பம். மடை திறப்பதற்கு முறை வைக்க வேண்டும், வரத்துக் கால்வாயைத் தூர்வார ஆள் வேண்டும், கரையில் உடைப்பெடுத்தால் நள்ளிரவிலும் ஓட வேண்டும். வெளியூர்க்காரர் வயலை வாங்கி, சுற்றிலும் கம்பிவேலி போட்டு, வருஷத்துக்கு இரண்டு முறை வந்து தங்கிவிட்டுப் போனால் அந்த ஆயக்கட்டில் ஒரு கை குறையும். வேலி வாய்க்காலை அடைத்தால் கீழே இருப்பவரின் வயலும் காயும். அழகுக்காக வாங்கியவரே அந்த அழகுக்குக் காரணமான ஏற்பாட்டைக் குலைத்தவராகிவிடுவார்.

அதனால் மலையடிதான் வேண்டும் என்று மனம் சொன்னால், முதலில் வத்திராயிருப்பிலோ கூமாப்பட்டியிலோ ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள். ஒரு சித்திரையையும் ஒரு கார்த்திகையையும் அங்கே கழியுங்கள். கண்மாய்க் கூட்டத்துக்குப் போங்கள். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் நிலம் வாங்குங்கள். வாங்கியதை விவசாய நிலமாகவே வைத்திருங்கள். அந்த ஊருக்குத் தேவை அப்படிப்பட்ட குடியானவர்கள்தான்.