கலர் மாறினால் விஷமா?

வாட்டர் ஃபில்டர் விற்க வருகிறவர் செய்து காட்டும் வித்தையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு டம்ளரில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவருடைய ஃபில்டர் தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை முக்கி கரண்ட் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் உங்கள் தண்ணீர் மட்டும் செம்பழுப்பாகக் கலங்கிவிடும். ''பாத்தீங்களாம்மா, எவ்வளவு விஷம்!'' என்பார். நமக்கோ பகீர் என்றிருக்கும்.

பயப்படாதீர்கள். அந்த நிறம் பெரும்பாலும் தண்ணீரிலிருந்து வருவதில்லை, கம்பியிலிருந்து வருகிறது! தண்ணீரில் உப்புகள் இருந்தால் மின்சாரம் பாயும். இரும்புக் கம்பி கரைந்து துருவாகும். உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. அவர் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு முக்கச் சொல்லுங்கள். அதுவும் கலங்கிவிடும்!

அப்படியானால் நிறத்தை வைத்து விஷத்தைக் கண்டுபிடிக்கவே முடியாதா? முடியும்.

நிஜமான சோதனை

வங்கதேசத்தில், குளத்துத் தண்ணீரால் வந்த வயிற்றுப்போக்கைத் தடுக்க 1970-களில் ஊர் ஊராகக் கைபம்புகள் போட்டார்கள். அந்த நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருப்பது 1993-ல் தெரியவந்தது. நிறம் கிடையாது, ருசி கிடையாது, வாசனையும் கிடையாது. ஆண்டுக்கணக்கில் குடித்தால் தோலில் புள்ளிகள், உள்ளங்கைத் தடிப்பு, கடைசியில் புற்றுநோய்கூட வரலாம். காய்ச்சினாலும் போகாது.

அங்கே கைகொடுத்தது ஒரு சின்னக் காகிதம். பாட்டிலில் தண்ணீர் பிடித்து, அமிலமும் துத்தநாகத் தூளும் போடுவார்கள். ஆர்சனிக் இருந்தால் வாயுவாக மேலே கிளம்பும். மூடியில் உள்ள, பாதரச உப்பு தடவிய வெள்ளைக் காகிதம் மஞ்சளாகும். அளவு கூடக் கூட பழுப்பாகும். இப்படி சுமார் 50 லட்சம் பம்புகளைச் சோதித்து, லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பு, குறைவானால் பச்சை பெயின்ட் அடித்தார்கள். சுமார் 14 லட்சம் பம்புகள் சிவப்பு! நம் நாட்டு வரம்பு இன்னும் கடுமை: 10 மைக்ரோகிராம்தான்.

தங்கமும் நிறம் மாறும்

ஈயத்துக்கும் வழி உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தங்கத் துகள்கள் தனித்தனியாக மிதந்தால் சிவப்பாகவும், ஒட்டிக்கொண்டால் நீலமாகவும் தெரியும். அவற்றை டி.என்.ஏ. இழையால் கட்டி வைத்தார்கள் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழக விஞ்ஞானிகள். ஈயம் வந்தால் இழை அறுந்து, நீலம் சிவப்பாகிவிடும். இது 2003-ல் வெளியான ஆராய்ச்சி.

நீங்கள் செய்ய வேண்டியது

* டி.டி.எஸ். மீட்டரை நம்பி நிம்மதி அடையாதீர்கள். அது மொத்த உப்பைத்தான் காட்டும். ஆர்சனிக்கையோ ஈயத்தையோ தனியாகக் காட்டாது.

* காகிதச் சோதனைப் பெட்டி வாங்கினால், காற்றோட்டமான இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் செய்யுங்கள். வரும் வாயுவும் விஷம், காகிதத்தில் இருப்பதும் விஷம்.

* தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம் இருந்தால், அந்த கந்தக வாயுவே காகிதத்தைக் கறுக்க வைக்கும். வரம்பை ஒட்டிய வெளிர் நிறமும் கண்ணை ஏமாற்றும். சந்தேகம் வந்தால் லேபில் கொடுத்துவிடுங்கள். 'ஆர்சனிக், ஈயம் பார்க்க வேண்டும்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சாதாரண தண்ணீர் டெஸ்ட்டில் இவை பெரும்பாலும் இருக்காது.

* பழைய குழாய் இணைப்புகள், பித்தளைக் குழாய்களில் ஈயம் இருக்கலாம். ராத்திரி முழுக்கத் தேங்கிய தண்ணீரைக் காலையில் சமையலுக்குப் பிடிக்காதீர்கள். முதல் தண்ணீர் செடிக்கும், வாசல் தெளிக்கவும் போகட்டும்!